மருந்து குடிக்காதவர்

அவர் என்னை முதன்முதலில் திருத்தியபோது நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் ஒரு கமக்காரர் அமைப்பின் கட்டடம். நான் விவசாயப் போதனாசிரியராக வேலையேற்று இரண்டாவது மாதம். பூச்சிமருந்தைப் பாதுகாப்பாகத் தெளிப்பது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பு. மேலிடம் அனுப்பிய படங்களைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை கையுறை, கண்ணாடி, முகமூடி, இறப்பர்ச் சப்பாத்து என்று சந்திரனுக்குப் புறப்பட்டவரைப்போல உடுத்திய ஒரு வெள்ளைக்காரர் பனிமூட்டத்தில் நின்று அப்பிள் மரங்களுக்கு மருந்தடித்தார். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வெங்காயத் தோட்டக்காரர்கள்.

"எல்லாருக்கும் விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் உயரமான ஒருவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"அப்பிடியில்லை, மிஸ். விளங்கினது சரி. ஆனா அந்த ஆள் இஞ்ச வந்து, கச்சான் காத்து அடிக்கேக்கை அந்த உடுப்போட நிண்டா, பத்து மணிக்கு மயங்கி விழுந்திடுவார். பூச்சி விழாது."

சபை சிரித்தது. நான் "இயன்றவரை" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். அரசாங்கத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்தால் எந்த அறிவுரையும் சரியாகிவிடும்.

வகுப்பு முடிந்து முகமூடி கொடுக்கும் கட்டம் வந்தது. வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். முகமூடி ஐந்து. வரவுப் பதிவேட்டில் பெயர், கையொப்பம் என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பு உபகரணம் பெற்றுக்கொண்டேன்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. எல்லோரும் கையொப்பமிட்டுவிட்டு பனிஸ் பொதியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் கையொப்பத்துக்குக் கீழே 'பெறவில்லை' என்று அழகான எழுத்தில், பேனையை அழுத்தி எழுதிவைத்தார்.

கிறுக்கல் உள்ள பதிவேட்டை மேலிடம் ஏற்காது என்று கந்தோரில் சொன்னார்கள். அந்தச் சொல்லின் மேல் வெள்ளை மை பூசினேன். காய்வதற்கு ஊதியும் விட்டேன்.

ஊரில் அவருக்கு 'அப்பிடியில்லையார்' என்று பெயர். முகத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டால், "அப்பிடியில்லை, எனக்கு அப்பா வைச்ச பேர் வேறை" என்பாராம். தேர்தல் நேரத்தில் ஒரு பெரிய மனிதர் வந்து, இந்த ஊருக்குத் தார் றோட்டுப் போட்டுத் தந்தது தான்தான் என்று பேசினார். இவர் எழும்பி, "அப்பிடியில்லை, சேர். நீங்கள் இப்ப வந்தது மணல் பாதையால. உங்கட வாகனம் புதைஞ்சு நாங்கள்தானே தள்ளினனாங்கள்" என்றார். ஒரு செத்த வீட்டில், ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் கிழமை பிழை என்று, பிரேதம் இருக்கும்போதே மூத்த மகனைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். கெட்ட எண்ணம் கிடையாது. பிழையான ஒன்று பிழையாகவே இருந்துவிட்டுப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, அவ்வளவுதான்.

அவருடைய மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒருமுறை சொன்னார். சல்லிக் கடற்கரைப் பக்கத்துப் பெண், கருவாடு போடுகிறவர்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, கலியாணம் பேசினவர் மாப்பிள்ளை எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர் எண்டார். இவர் உடனே, அப்பிடியில்லை, ஏழு எண்டார். பொய் சொல்லாத மனுசன் எண்டு எனக்குச் சந்தோசம். மற்றவையையும் சொல்ல விடமாட்டார் எண்டு பிறகுதான் விளங்கினது."

சொந்தமாக அவருக்குத் தோட்டம் இல்லை. மற்றவர்களின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூலிக்கு மருந்தடிப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக அவர் தொழில். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கமாட்டார். முதுகில் கொளுவும் மருந்து டாங்கியைக் கிணற்றடியில் கழுவமாட்டார். போத்தல் லேபலில் உள்ள பொடி எழுத்தை ஒன்றும் விடாமல் வாசிப்பார். மருந்துக் கடை முதலாளி ஒரு வைத்தியரைப்போலக் கதிரையில் சாய்ந்திருந்து, "வெங்காயத்துக்கு என்ன செய்யுது? எத்தினை நாளா?" என்று விசாரித்து, மூடியில் இரண்டு என்று மருந்து கட்டுவார். இவர் லேபலைக் காட்டி, "அப்பிடியில்லை, முதலாளி. ஒண்டுதான் போட்டிருக்கு" என்பார். முதலாளிக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

ஒருநாள் எங்கள் திணைக்களத்துக்கு ஒரேயொரு பாதுகாப்பு அங்கி வந்தது, படம் எடுப்பதற்காக. உயரமானவர் என்பதால் அவரைப் பிடித்தோம். மஞ்சள் அங்கி, கண்ணாடி, சப்பாத்து எல்லாம் போட்டு வெங்காயப் பாத்தியில் நிறுத்திப் படம் எடுத்து, வியர்வை காயுமுன் அங்கியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். அடுத்த வருடக் கலண்டரில் அவர் ஓகஸ்ட் மாதமாகத் தொங்கினார். கீழே, 'பாதுகாப்பாகத் தெளிக்கும் விவசாயி'. ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அப்பிடியில்லை, மிஸ். நான் விவசாயி இல்லை, கூலிக்காரன். டாங்கிக்குள்ளையும் ஒண்டும் இல்லை" என்றார். ஆனாலும் அதை வாங்கி மாட்டிவைத்தார்.

பிறகுதான் நாட்டில் எல்லா இரசாயனங்களையும் ஒரேயடியாக நிறுத்திய காலம் வந்தது. கொஞ்ச மாதம் கழித்து, நிறுத்தியது பிழை என்று ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். இரண்டு தடவையும் விளக்கவுரை நிகழ்த்தியவள் நான்தான். படங்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். அந்த இடைவெளியில் எங்கெங்கோ இருந்து எவ்வளவோ போத்தல்கள் வந்து சேர்ந்தன.

ஒரு காலை அவர் அப்படியொரு போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். லேபலில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

"மிஸ், இதிலை என்ன போட்டிருக்கு? தோட்டக்காரர் இதைத்தான் அடிக்கச் சொல்லுறார். வெங்காயத்தில புழு நல்லாப் பிடிச்சிட்டுது."

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளங்கிய ஒரே விஷயம் அதிலிருந்த மண்டையோட்டுப் படம்.

"படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிக் கேக்கிறன், அண்ணை."

"அதுவரைக்கும் அடிக்கலாமோ?"

அடிக்க வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் புழு தின்று தோட்டம் அழிந்தால், போதனாசிரியர் தடுத்ததால் வந்த நட்டம் என்று தோட்டக்காரர் எழுத்தில் கொடுப்பார். அடியுங்கள் என்று சொல்லலாம். அதுவும் என் தலையில் விடியும்.

"பாத்து அடியுங்கோ" என்றேன்.

மேலிடத்தின் பதில் பதினோராம் நாள் வந்தது. 'லேபலில் குறிப்பிட்ட அறிவுறுத்தல்களின்படி பயன்படுத்தவும்.'

அவர் நான்காம் நாளே அடித்துவிட்டார். புழு பொறுக்கவில்லை; தோட்டக்காரரும் பொறுக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து டாங்கியின் மூடி ஒழுகியிருக்கிறது. முதுகால் வழிந்து பெனியனும் சாரமும் நனைந்ததை வியர்வை என்று நினைத்திருக்கிறார். மத்தியானத்துக்குள் வாயில் எச்சில் வடிந்து, கண் மங்கி, தொடைச் சதையெல்லாம் துள்ளத் தொடங்கிவிட்டது. தோட்டக்காரர் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"மருந்து" என்றார் தோட்டக்காரர்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரை மருந்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அவர் குடித்தவர்தான். அனுமதிப் படிவத்திலும் 'நஞ்சு உட்கொண்ட விதம்' என்று கேட்டு மூன்று கட்டங்கள் இருந்தன: தானாக, தவறுதலாக, பிறரால். உட்கொள்ளாதவருக்குக் கட்டம் இல்லை. எழுதுவினைஞர் முதலாவதில் சரி போட்டார். நுரை தள்ளிய வாயோடு, "அப்பிடியில்லை" என்று அவர் சொன்னாராம். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. குடித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஊசிமருந்து ஏறி, அடுத்த நாள் நன்றாகத் தெளிந்திருந்தார். நான் போனபோது கட்டிலில் எழும்பி இருந்தார். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில சண்டையா?"

"இல்லை."

"கடன் தொல்லையா?"

"இல்லை."

"வேற பொம்பிளைத் தொடர்பு ஏதும்?"

"எனக்கு நேரமில்லை, ஐயா. விடிய அஞ்சு மணிக்கு மருந்தடிக்கப் போறனான். நான் குடிக்கேல்லை. முதுகால ஊறினது."

பொலிஸ்காரர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். கடைசி வரியை நான் எட்டிப் பார்த்தேன். 'காரணத்தைக் கூற மறுக்கிறார்.'

அவர் போன கையோடு மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார். மென்மையான குரல். சூரியன் உதிக்கும் படம் போட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்து, "வாழ்க்கை மிகவும் பெறுமதியானது" என்றார்.

"ஓம். அதுக்காகத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தனான்."

"நீங்கள் மனந்திறந்து கதைக்க வேணும், ஐயா."

"திறந்துதான் இருக்கு. கேக்கிற ஆக்கள்தான் இல்லை."

மனைவி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தமையன்மார் இருவர் வாசலில் நின்றார்கள். தங்கச்சி என்ன சொல்லி மச்சானைக் குடிக்கவைத்தாள் என்று விசாரிக்க வந்தவர்கள்.

"நீங்களாவது சொல்லுங்கோ, மிஸ்" என்றார் அவர். "இவையள் என்னைத்தான் பாக்கினம். கருவாடு வாங்குற ஆக்களும் என்னைத்தான் பாக்கினம்."

நான் சொன்னேன். தமையன்மார் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு மூத்தவர், "படிச்ச பிள்ளை, மறைக்கப் பாக்குது. நல்ல மனசு" என்றார் இளையவரிடம்.

மூன்றாம் நாள் காலை அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க ஏலவில்லை. இமையும் விழுந்துவிட்டது. பார்க்க வந்த தமையன்மார், செய்த வேலைக்கு வெட்கப்பட்டு முகத்தைக் காட்டாமல் கிடக்கிறார் என்று முடிவுசெய்து, பக்கத்தில் கதிரை போட்டு அரை மணித்தியாலம் புத்தி சொன்னார்கள். மனைவிதான் மூச்சு கோணலாகப் போவதைக் கண்டு தாதியைக் கூப்பிட்டார். கழுத்துக்குப் பிறகு நெஞ்சுச் சதையும் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. புத்தி சொன்ன அரை மணித்தியாலம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் அவர் அப்படியே போயிருப்பார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெசினால் மூச்சுக் கொடுத்தார்கள். இரண்டு கிழமை. உடம்பில் அசைந்தது வலது கையின் சுட்டுவிரல் மட்டும். படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்பார்களாம். பெரிய வைத்தியர், "ஆண், நாற்பத்தெட்டு வயது, மருந்து குடித்தவர்" என்று தொடங்குவாராம். உடனே அந்த விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடுமாம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நஞ்சின் ஓர் அறிகுறி என்று குறித்துக்கொண்டார்கள்.

"அது நடுக்கமில்லை எண்டு நான் தாதிப்பிள்ளைக்குச் சொன்னனான், மிஸ்" என்றார் மனைவி. "அது அவர்."

அதைச் சொல்லும்போது அவர் அழுதார். அந்த இரண்டு கிழமையில் நான் கண்ட ஒரேயொரு அழுகை அது.

மெசினைக் கழற்றி, சோறு தின்னப் பழக்கி, வீட்டுக்கு விட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கெண்டைக்காலில் நோ. பிறகு உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல. அதற்குப் பிறகு பாதம் இரண்டும் செருப்பைப் பிடிக்காமல் தொங்கத் தொடங்கின. வெள்ளத்துக்குள் நடப்பவரைப்போல முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்தார். பாதம் நிலத்தில் 'சப்' என்று விழுந்தது. பிறகு கைவிரல்களும் சோர்ந்தன. இது புதிதாக இன்னொரு போத்தல் குடித்ததால் வந்தது என்று தமையன்மார் வீட்டை முழுக்கத் தேடினார்கள். ஓகஸ்ட் மாதக் கலண்டருக்குப் பின்னாலும் பார்த்தார்களாம்.

நரம்பு கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் இருந்தார். அவர்தான் முதன்முதலில், "குடிச்சனீங்களா?" என்று கேட்காமல், "என்னெண்டு நடந்தது?" என்று கேட்டவர். இவர் டாங்கி மூடியிலிருந்து தொடங்கி முக்கால் மணித்தியாலம் சொன்னார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "விஷம் உடம்பை விட்டுப் போயிட்டுது, ஐயா. அது நரம்புக்குச் செய்துவிட்டுப் போன வேலைதான் இப்ப வெளியில வருது. நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். கை எவ்வளவு திரும்பும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

தெரியாது என்று ஒரு வைத்தியர் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. அந்த வைத்தியர் குறிப்பில் 'வேலையின்போது தோலினூடாக' என்று எழுதிக் கையொப்பமும் இட்டார்.

அந்தக் காகிதத்தோடு, வேலை செய்ய ஏலாதவர்களுக்கான கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தார்கள். அங்கிருந்து எங்கள் கந்தோருக்கு ஒரு கடிதம் வந்தது: இவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் உபகரணமும் வழங்கப்பட்டனவா?

மேலதிகாரி கோப்பை என் மேசையில் வைத்தார். உள்ளே பதிவேடும் இருந்தது, மஞ்சள் அங்கிப் படமும் இருந்தது.

"லேசான வேலை, மிஸ். பயிற்சி குடுத்தம், உபகரணம் குடுத்தம், ஆள் பாவிக்கேல்லை. சொந்தக் கவனயீனம். ரெண்டு வரி போதும்."

"உபகரணம் குடுக்கேல்லை, சேர்."

"கையெழுத்து இருக்குதே."

"படம் எடுத்திட்டு அங்கியைத் திருப்பி அனுப்பினனாங்கள்."

"நான் பொய் எழுதச் சொல்லேல்லை" என்றார் அவர், உண்மையாகவே மனம் நொந்து. "பதிவேட்டில இருக்கிற உண்மையை எழுதுங்கோ."

அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கையொப்பத்துக்குக் கீழே என் வெள்ளை மை காய்ந்து வெடித்திருந்தது. தாளைத் திருப்பி யன்னலுக்கு நேரே பிடித்தேன். மறுபக்கத்தில் ஒரு சொல் புடைத்து நின்றது, ஏழாம் வகுப்பு வரை படித்தவரின் அழகான எழுத்தில், வலமிருந்து இடமாக.

ரெண்டு வரி போதவில்லை. மூன்று பக்கம் எழுதினேன். ஐந்து முகமூடி, படமெடுத்த அங்கி, போத்தலுக்கு வந்த பதில், அழித்தது நான்தான் என்பது எல்லாவற்றையும் எழுதினேன். தைரியத்தால் எழுதியதாகச் சொன்னால் அது பிழை. அனுப்பிவிட்டு வீட்டில் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு விளைவுகள் வந்தன. அரசாங்கப் பதிவேட்டில் மேலொப்பமின்றி வெள்ளை மை பாவித்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அந்த மைக்குக் கீழே என்ன இருந்தது என்று கடைசிவரை எவரும் கேட்கவில்லை. மாற்றலும் தந்தார்கள், மூதூர்ப் பக்கம். மற்றது, அவருக்குக் கொடுப்பனவு கிடைத்தது. இயலாமைக்கான காரணம் என்ற இடத்தில் 'ஏனையவை' என்று போட்டிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு ஒருநாள்தான் அவரைக் கண்டேன். திருகோணமலை பஸ் நிலையத்தில், நிலாவெளிப் பக்கம் போகிற பஸ் நிற்கும் இடத்தில். தனியாக வந்திருந்தார். சாரத்துக்குப் பதில் காற்சட்டை. கிளினிக் அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கிட்டப் போனதும்தான் கண்டேன், சேட்டு முழுக்கத் திறந்திருந்தது. அட்டையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"வைத்தியர் நெஞ்சைப் பாக்கக் கழட்டினவர், மிஸ்" என்றார். "வீட்டில எண்டா இவ பூட்டிவிடுவா. இண்டைக்குத் தனியப் போய் வாறன் எண்டு நான்தான் சண்டைபிடிச்சு வந்தனான்."

ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வரை அப்படியே நடந்து வந்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை.

என் பையைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கீழிருந்து தொடங்கினேன். சனம் பார்த்தது. பழம் விற்கிற ஒருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவருடைய கைகள் இரண்டு பக்கமும் சும்மா தொங்கின. முகம் எனக்கு அவ்வளவு கிட்ட ஒருநாளும் இருந்ததில்லை. எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது பொத்தானில் நான், "அண்ணை, போத்தல் கொண்டு வந்த அண்டைக்கு, அடிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

அவர் என்னை நேரே பார்த்தார்.

"ஓம்" என்றார். "சொல்லியிருக்க வேணும்."

பஸ் வந்து நின்றது. நடத்துனர் கெதியாக ஏறச் சொல்லிக் கத்தினார். இன்னும் இரண்டு பொத்தான் இருந்தன. அவர் அசையாமல் நின்றார். நான் இரண்டையும் பூட்டி முடித்தேன்.